உங்கள் ஊரின் நோயை எழுதுங்கள்

பள்ளியில் சுகாதாரச் செயல்திட்டம் என்று அறிவித்த அன்று மாலையே பிள்ளைகள் கைத்தொலைபேசியில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். எபோலா, பிளேக், பெயரே வாயில் நுழையாத ஏதோ ஒரு மரபணு நோய் என்று கண்ணில் படுகிறது. படம் பயங்கரமாக இருக்கும். அட்டையில் ஒட்டினால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், அச்செடுத்த தாளில் இருப்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இராது.

கோலா சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, ஜெரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நோயை உலகத்தின் மறுகோடியில் தேடாதீர்கள். உங்கள் தாத்தா பால்மரம் சீவிய தோட்டத்தில் தேடுங்கள்; உங்கள் வீட்டுச் சமையலறையில் தேடுங்கள். உலக மருத்துவ வரலாற்றில் இடம்பிடித்த நோய்க் கதைகள் சில இந்தச் சிலாங்கூர் மண்ணிலேயே நடந்தவை.

தோட்டங்களைக் காலி செய்த காய்ச்சல்

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897-ல் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தார். அது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அந்தக் கண்டுபிடிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓர் ஊரையே காப்பாற்ற முடியும் என்று முதன்முதலில் காட்டிய இடங்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலிருக்கும் கிள்ளான். இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901-ல் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்தார். அதே ஆண்டுதான் போர்ட் சுவெட்டன்ஹம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான் துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே வேலையாட்கள் கொத்துக்கொத்தாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. வாட்சன் சதுப்பு நீரை வடியவைத்தார், காட்டை வெட்டினார், பள்ளங்களைத் தூர்த்தார். கிள்ளான் நகரவாசிகளில் மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1901-ல் 334 பேர். 1905-ல் 12 பேர்.

இதோடு கதை முடிந்திருந்தால் ஒரு பத்தியில் எழுதிவிடலாம். அடுத்து நடந்ததுதான் மாணவர்கள் ஊன்றிப் படிக்கவேண்டியது. கடலோரத் தாழ்நிலத்தில் மலேரியாவைப் பரப்பியது அனோஃபிலிஸ் அம்ப்ரோசஸ் என்ற கொசு. அதற்கு நிழல் வேண்டும். காட்டுக்குள் தேங்கிய நீரில்தான் முட்டையிடும். மரத்தை வெட்டி வாய்க்கால் தோண்டி வெயில் விழவைத்தால் அது ஒழிந்துவிடும். கடலோரத் தோட்டங்கள் அப்படித்தான் பிழைத்தன. அதே முறையை உள்நாட்டு மலையடிவாரத் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் குறையவில்லை, கூடியது. அங்கே இருந்தது அனோஃபிலிஸ் மாக்குலேட்டஸ் என்ற வேறு கொசு. அது வெயில் படும் தெளிந்த ஓடை நீரைத் தேடுவது. காட்டை வெட்டியவர்கள் அதற்கு வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிறகுதான் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வைத்துக் கொண்டுபோகும் முறையும், நீரின் மேல் எண்ணெய் தெளிக்கும் முறையும் வந்தன. ஒரே நோய்தான், சில மைல் தள்ளிப் போனால் தடுக்கும் வழி தலைகீழ். இந்த ஒரு செய்தியை ஒரு வரைபடத்தோடு விளக்கிவிட்டால் அந்தச் செயல்திட்டம் எந்தக் கண்காட்சியிலும் தலைநிமிர்ந்து நிற்கும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள். விடிகாலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து டிரெஸ்ஸர் மலேரியாவுக்குக் கொய்னா மருந்து கொடுத்ததைத் தம் பெற்றோர் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கசப்பைப் பற்றி அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

மலேரியா பழங்கதை ஆகிவிட்டதா என்றால், பாதிதான். 2018-ல் மலேசியாவில் உள்நாட்டில் தொற்றிய மனித மலேரியா ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அதே ஆண்டில் குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி மலேரியா 4,000 பேருக்கு மேல் கண்டது. காட்டோரம் வேலை செய்பவர்களுக்கே இந்த அபாயம் அதிகம்.

புழுங்கல் அரிசி சொன்ன சாட்சி

பெரிபெரி மறந்துபோன நோய். சமையலறையில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இதை எடுக்கலாம்.

நூறாண்டுக்கு முன் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் பெரிபெரி கண்டு மாண்டார்கள். கால் வீங்கும், மரத்துப்போகும், கடைசியில் இதயம் நின்றுவிடும். அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து அரிசியைச் சந்தேகித்தார். சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி.

1905 இறுதியில் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநல விடுதியில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்குத் தீட்டிய வெள்ளரிசி, மறுபாதிக்குப் புழுங்கல். ஓராண்டில் வெள்ளரிசி உண்ட பக்கம் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் உண்ட பக்கம் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. 1900-ல் தொடங்கிய கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பிரேசரும் ஸ்டாண்டனும் இதைத் தொடர்ந்து, தீட்டும்போது உதிரும் தவிட்டில்தான் காக்கும் பொருள் இருக்கிறது என்று நிறுவினார்கள். இன்று அதைத் தயமின் என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

தங்கள் சம்மதத்தைச் சொல்ல முடியாத நிலையில் இருந்த நோயாளிகளை வைத்துச் செய்த சோதனை அது. இன்று அதை எந்த மருத்துவமனையும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. செயல்திட்டத்தில் அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

செம்பனையும் எலியும்

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் கோலா சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில்தான் நடப்பட்டது. செம்பனைப் பழம் எலிக்குப் பிடித்த உணவு. எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணும் தண்ணீரும் கால் வெடிப்பு, கைக் கீறல் வழியாக உடம்பில் எலிக்காய்ச்சலை ஏற்றும். கடும் காய்ச்சல், கெண்டைக்காலில் பிடித்துத் தாங்கமுடியாத வலி, சிவந்த கண்கள் இவை அடையாளம். கவனிக்காமல் விட்டால் கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். 2010 முதல் மலேசியாவில் மருத்துவர்கள் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய் இது. அப்பா குலை வெட்டும் வேலைக்குப் போகிறார் என்றால் காலுறை, பூட்ஸ், கையுறை பற்றி அவரிடமே கேட்டு எழுதலாம்.

டிங்கி: காய்ச்சல் இறங்கும் நாள்

ஆண்டுதோறும் மிக அதிகம் பேர் டிங்கியில் விழும் மாநிலம் சிலாங்கூர். 2019-ல் நாடு முழுதும் 130,000 பேருக்கு மேல் டிங்கி கண்டது, 182 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் பாதிக்கு மேல் சிலாங்கூரில்.

டிங்கி பற்றிய பள்ளி அட்டைகள் எல்லாமே பூச்சாடி, பழைய டயர், பீலி என்று முடிந்துவிடுகின்றன. அவை வேண்டியவைதான். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்த்துத் தண்ணீரைக் கவிழ்த்தாலே போதும். ஆனால் உயிரைக் காப்பது வேறொரு செய்தி. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் இறங்கும்போது வீட்டில் நிம்மதி வந்துவிடுகிறது. அபாயம் தொடங்குவதே அப்போதுதான். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், எழ முடியாத சோர்வு இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கொடுக்கவே கூடாது. இதை அட்டையின் நடுவில் பெரிய எழுத்தில் எழுதும் பிள்ளை ஓர் உயிரைக் காக்கலாம்.

இனிப்புநீர்: என் முதல் தேர்வு

எல்லாவற்றையும் சொன்னபின்னும், ஒன்றுதான் எடுக்க முடியும் என்று ஒரு மாணவர் வந்து நின்றால் நான் இனிப்புநீரைத்தான் எடுக்கச் சொல்வேன். பயமுறுத்தும் படமில்லை, கொசுவில்லை, கிருமியில்லை. அதனாலேயே பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள். ஆனால் நம் சமூகத்தைச் சத்தமில்லாமல் அரிப்பது இதுவே.

2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. அதைவிடக் கவலைக்குரியது, நாடு முழுதும் சர்க்கரை மிகுந்திருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியவில்லை.

ஏன் நமக்கு மட்டும் இவ்வளவு? உடல்வாகு ஒரு காரணம். ஒல்லியாகத் தெரியும் இந்தியருக்கும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது அதிகம். அதனால்தான் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செண்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறார்கள். மற்றொன்று நம் வரலாறு. பால்வாளி தூக்கி மைல்கணக்கில் நடந்த உடம்புக்குத் தேவைப்பட்ட அளவு சோற்றை, தோட்டம் விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபின்னும் நாம் குறைக்கவில்லை. கூடவே டின்பால் ஊற்றிய தே தாரிக்கும் சேர்ந்துகொண்டது.

இந்த நோயில் ஒரு மாணவர் தாமே செய்து பார்க்க நிறைய இருக்கிறது. வீட்டிலும் பள்ளிக் கேண்டீனிலும் விற்கும் பானங்களின் அட்டையைப் படித்து 100 மில்லிலிட்டரில் எத்தனை கிராம் சர்க்கரை என்று பட்டியலிடுங்கள். 2019 ஜூலையில் அரசாங்கம் லிட்டருக்கு 40 சென் வரி விதித்தபோது, 100 மில்லிலிட்டரில் 5 கிராமைத் தாண்டிய குளிர்பானங்களுக்கே விதித்தது. அந்தக் கோட்டுக்கு மேல் எவை, கீழ் எவை என்று பாருங்கள். கடையில் 'தே ஓ கோசோங்' கேட்டு வாங்கி ஒரு வாரம் குடிக்க வீட்டில் யார் தயார் என்று கேட்டுப் பாருங்கள்; கிடைக்கும் பதில்களே ஒரு பக்கத்துக்கு வரும்.

அளவு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டுக் காணொளிகளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 என்பார்கள். நம் கிளினிக் சீட்டில் 7.0 என்றிருக்கும். இரண்டும் ஒன்றே. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். இது தெரியாமல் இரண்டையும் கலந்து எழுதினால் முழுத் திட்டமும் பிழையாகிவிடும்.

எனக்கு இன்னும் முக்கியமாகத் தோன்றுவது, வீடுகளில் பேச்சாகவே ஊறிப்போன ஒரு நம்பிக்கை: 'இனிப்புநீர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்.' இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டுக் கைமருந்துக்குப் போகிறவர்கள் பலர். சிறுநீரகத்தை மெல்ல மெல்லக் கெடுப்பது கட்டுக்குள் வராத சர்க்கரையே. மருத்துவர் எழுதிய மாத்திரையை ஒழுங்காக எடுப்பது சிறுநீரகத்தைக் காக்கத்தான். டயாலிசிஸ் நாற்காலிக்குப் போனபின் இதைப் புரிந்துகொள்வதைவிட, பேத்தி செய்த அட்டையைப் பார்த்துப் புரிந்துகொள்வது மேல்.

கேட்கும்போதும் எழுதும்போதும்

நோயைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்பது எளிதல்ல. பலர் மறைக்கிறார்கள், மகளின் கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் இன்னும் மறைக்கிறார்கள். அதனால் முதலில் அனுமதி கேளுங்கள். பெயரை எழுதாதீர்கள். பக்கத்து வீட்டு மாமாவின் கால் புண்ணைப் படமெடுத்து வகுப்பில் காட்டாதீர்கள். 'எப்போது தெரிந்தது, எப்படித் தெரிந்தது, அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள்?' இந்த மூன்று கேள்விக்கு ஐந்து பேர் மனம்விட்டுச் சொல்லும் பதில், இணையத்திலிருந்து எடுத்த ஐம்பது பக்கத்தைவிடப் பெரிது. ஆசிரியர்களும் மதிப்பெண் போடும்போது அட்டையின் அலங்காரத்தைப் பார்க்காமல், பிள்ளை யாரிடம் கேட்டது, எதை அளந்தது என்று பார்க்கவேண்டும்.

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட். செயல்திட்டத்தை ஒப்படைக்கும் முன் உங்கள் அம்மாவையும் அப்பாவையும் தாத்தாவையும் பாட்டியையும் ஒருநாள் காலை வெறும் வயிற்றில் அங்கே அழைத்துப் போய்ச் சர்க்கரையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.