ஒரு ஏக்கர் கொடுத்தால் 26 சென்ட்

"மாநிலம் பிரிஞ்சு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் ஒரு தலைநகரத்தைக் கட்டி முடிக்கலையா?" ஆந்திராவைப் பற்றிப் பேச்சு வந்தால் டீக்கடையில் யாராவது இப்படிக் கேட்டுவிடுவார்கள். நியாயமான கேள்விதான். பதில் பெரும்பாலும் நிலம் வாங்கிய விதத்தில் இருக்கிறது. டீ ஆறினாலும் பரவாயில்லை, நிதானமாகப் பார்ப்போம்.

பாகப்பிரிவினையில் வழக்கமாகப் பிரிந்து போகிறவர்தான் வீட்டை விட்டுப் போவார். 2014 ஜூன் 2 அன்று நடந்தது தலைகீழ். பிரிவினை கேட்ட தெலங்கானாவுக்கு ஹைதராபாத் போனது. வேண்டாம் என்ற ஆந்திரா வீடில்லாமல் நின்றது. அதிகபட்சம் பத்து ஆண்டுகள் ஹைதராபாத்தைப் பொதுத் தலைநகராக வைத்துக்கொள்ளலாம் என்றது சட்டம். புதுத் தலைநகர் எது என்பதை மட்டும் எழுதாமல், நிபுணர் குழு ஆராயட்டும் என்று விட்டுவிட்டது.

ஆந்திராவுக்கு இது பழைய காயம். 1953-ல் சென்னை மாகாணத்திலிருந்து பிரிந்தபோது சென்னை கிடைக்கவில்லை. கர்நூல் தலைநகரானது, கூடாரம் போட்டு அலுவலகம் நடத்தினார்கள். கர்நூலுக்கு அந்த வாய்ப்பு வரக் காரணம் 1937-ன் ஸ்ரீபாக் ஒப்பந்தம். தலைநகரோ உயர் நீதிமன்றமோ, கர்நூல் இருக்கும் ராயலசீமா விரும்புவதை எடுத்துக்கொள்ளலாம் என்று கடலோர மாவட்டத் தலைவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒப்பந்தம் ஆன இடம், அமிர்தாஞ்சன் நிறுவனர் காசிநாதுனி நாகேஸ்வர ராவின் மயிலாப்பூர் வீடு. 1956-ல் தலைநகர் ஹைதராபாத்துக்கு மாறியது. எல்லா முதலீடும் அந்த ஒரே ஊரில் குவிந்தது. 2014-ல் அதுவும் போனது.

இதை மனத்தில் வைத்துத்தான் அந்த நிபுணர் குழு, அதாவது சிவராமகிருஷ்ணன் குழு, 2014 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. எல்லாவற்றையும் ஒரே நகரத்தில் கொட்டாதீர்கள், அலுவலகங்களைப் பல ஊர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள், விஜயவாடா–குண்டூர் பக்கத்து வளமான விளைநிலத்தில் கை வைக்காதீர்கள் என்பது அதன் சாரம். முதல்வர் சந்திரபாபு நாயுடு வேறு முடிவெடுத்தார். மாநிலத்தின் நடுப்பகுதி, கிருஷ்ணா நதி, இரு பக்கமும் இரண்டு நகரங்கள் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார். 29 கிராமங்களை உள்ளடக்கி 217 சதுர கிலோமீட்டரில் அமராவதி. சிங்கப்பூர் நிறுவனம் திட்டம் வரைந்து கொடுத்தது. 2015 அக்டோபர் 22-ல் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார்.

நிலத்துக்குப் பணம்? 2013-ன் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி போனால் கிராமத்து நிலத்துக்குச் சந்தை விலையைப் போல இரண்டிலிருந்து நான்கு மடங்கு வரை ரொக்கம் தர வேண்டும். புது மாநிலத்தின் கஜானாவில் அதற்கு வழியில்லை. அதனால்தான் 'லேண்ட் பூலிங்' வந்தது. விவசாயி நிலத்தை ஒப்படைப்பார், அரசு நகரமாக்கி ஒரு பங்கை மனையாகத் திருப்பித் தரும்.

அமராவதிப் பகுதியின் துள்ளூர்ப் பக்கம் ஒருவர் ஒரு ஏக்கர் மானாவாரி நிலம் கொடுக்கிறார் என்று வையுங்கள். ஏக்கர் என்பது 4,840 சதுர கஜம். அவருக்குத் திரும்பி வருவது குடியிருப்பு மனை 1,000, வணிக மனை 250, ஆக 1,250 சதுர கஜம். நம் கணக்கில் சுமார் 26 சென்ட். ஆற்றோரத்து மூன்று போக 'ஜரீபு' நிலம் என்றால் 30 சென்ட். மிச்சம் சாலைக்கும் பூங்காவுக்கும் அலுவலகங்களுக்கும், அரசு விற்றுக் காசாக்கும் பங்குக்கும் போகிறது. பத்து ஆண்டுகளுக்கு வருடாந்தரத் தொகை உண்டு என்றது திட்டம்: தொடக்கத்தில் ஏக்கருக்கு 30,000 ரூபாய், ஜரீபுக்கு 50,000. நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்குத் தொடக்கத்தில் மாதம் 2,500.

100 சென்ட் கொடுத்து 26 வாங்குகிறவருக்கு, சென்ட் விலை நான்கு மடங்கானால்தான் முதலுக்கே மோசமில்லாமல் இருக்கும். விலை ஏற நகரம் வர வேண்டும். நகரம் வர, அடுத்து வரும் ஆட்சியும் அதே நகரத்தை விரும்ப வேண்டும். இத்தனையையும் நம்பித்தான் ஏறக்குறைய 28,000 விவசாயிகள் 33,000 ஏக்கருக்கு மேல் கொடுத்தார்கள்.

2019-ல் ஆட்சி மாறியது. புது முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி மூன்று தலைநகரம் என்றார்: நிர்வாகத்துக்கு விசாகப்பட்டினம், சட்டமன்றத்துக்கு அமராவதி, நீதிமன்றத்துக்குக் கர்நூல். சிவராமகிருஷ்ணன் குழுவின் வாதத்தோடு ஒத்துப்போகிற யோசனைதான். ஆனால் அந்த வாதத்தைச் சொல்ல வேண்டிய நேரம், நிலம் வாங்குவதற்கு முன்பு. வாங்கிய பிறகு சொன்னதால் நஷ்டம் மொத்தமும் விவசாயி தலையில் விழுந்தது. மனை விலை சரிந்தது. பாதி எழுந்த கட்டடங்களில் கம்பி துருப்பிடித்தது. விவசாயிகள் 2021-ல் திருப்பதி வரை நடந்தார்கள். மூன்று தலைநகரச் சட்டம் அந்த ஆண்டே வாபஸ் ஆனது. மனைகளை மூன்று மாதத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் ஊர் எழவில்லை. 2024-ல் நாயுடு திரும்பி வந்தார். உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் தர முன்வந்தன. 2025 மே மாதம் பணிகளை மோடி மறுபடி தொடங்கிவைத்தார்.

சத்தீஸ்கரைப் பாருங்கள். 2000-ல் பிரிந்ததும் ராய்ப்பூரிலேயே வேலையைத் தொடங்கி, பக்கத்தில் நயா ராய்ப்பூரை ஆற அமரக் கட்டினார்கள். தாமதமானாலும் அரசு நடக்க ஓர் ஊர் இருந்தது.

அடுத்து எந்த மாநிலத்தைப் பிரித்தாலும் தலைநகரின் பெயரையும் அதற்கான பணத்தையும் பிரிவினைச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். உங்கள் ஊருக்கு லேண்ட் பூலிங் வந்தால், எத்தனை சென்ட் திரும்பி வரும் என்பதோடு நிறுத்தாதீர்கள். சொன்ன தேதியில் வராவிட்டால் என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். பதிலைப் பத்திரத்தில் எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.