கைபேசியில் படம் பிடிக்கும் முறை

சென்ற ஆண்டு நம் வட்டாரத்து நெசவாளர் சங்கம் ஒன்றின் கிடங்கில், திரும்பி வந்த லுங்கிக் கட்டு ஒன்று கிடக்கக் கண்டேன். வெளியூர் வியாபாரி ஒருவர் கைபேசியில் வந்த விடியோப் படத்தைப் பார்த்து அதற்கு ஆர்டர் கொடுத்தார். சரக்குப் போய்ச் சேர்ந்ததும், படத்தில் கண்ட நிறம் வேறு, வந்த நிறம் வேறு என்று திருப்பி அனுப்பிவிட்டார். நெய்தவர் மீதும் குற்றமில்லை, சாயத்தின் மீதும் குற்றமில்லை. இரவில், மஞ்சள் விளக்கின் கீழ், அப்படத்தைப் பிடித்தவன் அடியேன்தான். உதவி செய்யப்போய்ச் சங்கத்தின் முதலை முடக்கி வைத்தேன். அதன் பிறகு கற்றவற்றை அங்கத்தினர்களின் முன் வைப்பது என் கடமையாகும்.

படத்தினால் விளையும் பயன் பெரிது. 2006-ஆம் ஆண்டு பெங்களூரில் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் தொடங்கிப் பின்னர்த் தனி நிறுவனமான 'டிஜிட்டல் கிரீன்' என்னும் முயற்சி, உழவர்களையே நடிக்கச்செய்து வேளாண்மை முறைகளைப் படமாக்கி, மற்ற உழவர்களுக்குக் காட்டியது. தம்மைப் போன்ற ஒருவர் தம் பேச்சில் சொல்லும்போது மக்கள் நம்பிக் கேட்கிறார்கள் என்பதே அதன் அடிப்படை. அவ்வாறாயின், நம் துணியையும் விளைபொருளையும் பற்றி நாமே பேசுவதைவிடச் சிறந்த விளம்பரம் வேறு ஏது?

முதலாவது, வெளிச்சம். ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கங்களில் தோல் வாங்குவோர் அதன் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தே முடிவு செய்ய விரும்புவர். துணிக்கும் அதுவே முறை. காலை வேளையில், நேர்வெயில் படாத சாளரத்தின் அருகே துணியை விரித்து, சாளரம் நம் பக்கவாட்டிலோ முதுகுப்புறத்திலோ இருக்குமாறு நிற்க வேண்டும். சாளரத்தை எதிரே வைத்து எடுத்தால் குழித்தறியில் அமர்ந்திருப்பவர் கருநிழலாகவே தெரிவார். பல விளக்குகள் கலந்த ஒளியும் கூடாது. துணியின் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை வைத்துப் படம் பிடித்தால், அது வெள்ளையாகத் தெரிகிறதா என்பதைக் கொண்டு மற்ற நிறங்களையும் சரிபார்க்கலாம். அனுப்புமுன் திரையையும் துணியையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது அவசியம். ஆயினும் ஒவ்வொரு திரையும் நிறத்தைச் சற்று வேறாகவே காட்டுமாதலின், பெரிய ஆர்டருக்கு ஒரு சாண் துணியைத் தபாலிலும் அனுப்புவதே நேர்மை.

இரண்டாவது, கட்டம் போட்ட துணி. குடியாத்தம் லுங்கியின் நுண்ணிய கட்டங்கள் படத்தில் நீரலைபோல் நெளிவதை அன்பர்கள் கண்டிருக்கலாம். கேமராவின் நுண்புள்ளி வரிசையும் நூல் வரிசையும் ஒன்றோடொன்று மோதுவதே இதன் காரணம். சற்று நெருங்கியோ விலகியோ, கோணத்தைச் சிறிது மாற்றியோ எடுத்தால் அலை மறையும். திரையில் விரல்களால் பெரிதாக்குவதைத் தவிர்த்து, நாமே நெருங்கிச் செல்வது நலம். அவ்வாறு பெரிதாக்கினால் பெரும்பாலும் தெளிவு குன்றும்.

மூன்றாவது, விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. பழைய குழல்விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் விநாடிக்கு 100 முறை துடிக்கும். கைபேசி பொதுவாக விநாடிக்கு 30 படம் எடுப்பதால், சில வேளைகளில் திரையில் பட்டைகள் ஓடும். வசதி இருந்தால் 25 படம் என்று மாற்றலாம். அல்லது ஷட்டர் வேகத்தை ஐம்பதில் ஒரு விநாடியாக வைக்கலாம்.

நான்காவது, அசைவும் ஒலியும். லென்ஸை மென்மையான பருத்தித் துணியால் துடைத்து, கைபேசியைத் தறிக்கட்டையிலோ நெல் மூட்டையிலோ சாய்த்து வையுங்கள். திரையில் துணியின் மேல் விரலைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால், பல கைபேசிகளில் குவியமும் ஒளியளவும் மாறாமல் நிற்கும். நாடா ஓடும் ஓசையோடு பேசினால் ஒன்றும் விளங்காது. தறியைத் தனியே எடுத்து, அதனை நிறுத்தியபின் வாயருகே மைக் வைத்துப் பேசுக.

பயிர் செய்வோர்க்கும் இவை பொருந்தும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற எலவம்பாடி முள் கத்தரியின் முள், நடுப்பகல் வெயிலில் எடுபடாது. காலையின் சாய்ந்த ஒளியில் ஒவ்வொன்றும் தெரியும். காயின் பருமன் விளங்க, உள்ளங்கையில் வைத்துக் காட்டுக. வாட்ஸ்அப்பில் அனுப்புகையில் படம் சுருங்கித் தெளிவு இழக்குமாதலால், அதனை ஆவணமாக அனுப்புவது உத்தமம்.

இவற்றிற்குப் புதிய கருவி வாங்க வேண்டியதில்லை. பொறுமை ஒன்றே போதும். ஒவ்வொரு சங்கத்திலும் இளைஞர் ஒருவர் இதனைப் பழகிக்கொண்டு மற்றவர்க்குக் கற்பிப்பாராக. கிடங்கில் கிடந்த அந்தக் கட்டு, பகல் ஒளியில் எடுத்த மறுபடத்தைக் கண்டே பின்னர் விலைபோயிற்று. உள்ளதை உள்ளபடி காட்டும் படமே வாங்குவோரின் நம்பிக்கையை வளர்க்கும். அந்த நம்பிக்கையே சங்கத்தின் மூலதனம்.