தனி அறையும் சரக்குப் பட்டியலும்

பட்டாசு ஆலையில் ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. மருந்து கலக்கிற அறை தள்ளி நிற்கும். ஒன்று வெடித்தாலும் மற்றது பிழைக்க வேண்டும் என்பது இந்த இடைவெளியின் தர்க்கம். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தபோது, அதிக ஆள், அதிக மருந்து என்று செய்திகள் வந்தன. தாளில் இருப்பது ஒன்று, அறைக்குள் இருப்பது வேறு.

இந்த இடைவெளிகளை நாமே அளந்து விருதுநகர் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம் என்கிற நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். சென்டினல்-2 படங்கள் இலவசம்; ஆனால் ஒரு புள்ளிக்கு 10 மீட்டர் தரை. ஊருக்கும் ஆலைக்கும் உள்ள தூரம் பார்க்கலாம், அறைக்கும் அறைக்கும் முடியாது. அதற்கு ஜிபிஎஸ் கருவியோடு நடந்துதான் ஆகணும். நடந்து எடுத்த புள்ளிகளை மீட்டராக மாற்ற ஜிடால், ப்ரோஜ் என்ற நிரல்கள் வேண்டும்.

சிக்கல் இங்கேதான். 2019-ல் வந்த ஜிடால் 3, அட்சரேகை தீர்க்கரேகை வரிசையை மாற்றிவிட்டது. பழைய பதிப்புக்கு எழுதிய கணக்கை அதில் ஓட்டினால் 9.45, 77.8 தலைகீழாகி, சிவகாசி ஸ்வால்பார்டுக்கு மேற்கே கடலில் போய் விழும். பிழைச் செய்தி வராமலேயே போகலாம். உலக உருண்டையின் மேல் அளந்தால், வடக்கு தெற்காக 100 மீட்டர் இருப்பது 21 மீட்டராகச் சுருங்கும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறென்ன வேணும்?

ஆகவே ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு தனிச் சூழல். ('ஒதுக்கி வைத்தல்' என்று எழுதக் கை வரவில்லை; ஊர் யாரை ஒதுக்கியது என்பது தெரிந்ததுதான்.) பிப் வழியாக ஜிடாலைப் போட்டால், அதே பதிப்பின் சி++ நூலகம் முன்பே கணினியில் இருந்தாக வேண்டும். கோண்டா இரண்டையும் சேர்த்தே கொண்டுவரும். கோண்டா-ஃபோர்ஜ் கிடங்கிலிருந்து, புதிய பெயரில் சூழல் ஒன்றைத் திறந்து, பைத்தான், ஜிடால், ப்ரோஜ் மூன்றையும் ஒரே கட்டளையில், பதிப்பு எண்ணோடு கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் பின்னால் வருவது முன்னால் வந்ததை இடம் மாற்றும்.

பிறகு எக்ஸ்போர்ட் கட்டளையால் பட்டியலை எடுத்து மனுவோடு இணையுங்கள். லினக்ஸில் எடுத்த முழுப் பட்டியல் விண்டோஸில் ஏறாது; 'ஃப்ரம் ஹிஸ்டரி' என்று சேர்த்தால் நாம் கேட்டது மட்டும் வரும், எண்ணைத் தட்டியிருந்தால்தான் எண்ணும் வரும்.

சுவர் முழுச் சுவரும் அல்ல. வேறொரு மென்பொருள் ப்ரோஜ்_லிப் என்ற மாறியைக் கணினி முழுக்க அமைத்துவிட்டுப் போயிருந்தால், நம் அறைக்குள்ளும் அந்த மருந்து கலக்கலாம். அளப்பதற்கு முன் அதை அழித்துவிட்டு, தூரம் தெரிந்த இரண்டு கிலோமீட்டர் கல்லை வைத்து ஒருமுறை சோதியுங்கள்.