குப்பையில் குத்திய ஊசியும் 72 மணி நேரமும்

காலை ஆறு மணிக்குள் வார்டில் இறங்கிவிட வேண்டும். பேட்டரி வண்டியில் வீடு வீடாக வாங்கிய குப்பையைப் பத்து மணிக்கு மேல் கிடங்கில் கொட்டி, மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று கையால் தரம் பிரிக்க வேண்டும். நம் மாவட்டத்து நகராட்சி ஒன்றில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருக்கும் அந்த அக்காவுக்கு ஊசி குத்தியது அங்கேதான். கறுப்புப் பையை அவிழ்த்தபோது சோற்றுக்கும் டயப்பருக்கும் நடுவே மூடி இல்லாத சிரிஞ்சு கிடந்திருக்கிறது. ஒப்பந்ததாரர் கொடுத்த துணிக் கையுறையைத் தாண்டி ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது.

"ரத்தத்தைப் பிதுக்கி விட்டுட்டு சுண்ணாம்பு வச்சுக்கிட்டேனுங்க. மேஸ்திரிகிட்டச் சொன்னதுக்கு, 'ஒரு டி.டி. போட்டுக்க, சரியாப் போயிரும்'னாரு" என்றார் நம்மிடம். போட்டுக்கொண்டார். ஐந்தாம் நாள், கூட வேலை செய்யும் பெண் ஒருவர், "அது எய்ட்ஸ்காரங்களுக்குப் போட்ட ஊசியா இருந்தா என்னக்கா பண்ணுவ?" என்று கேட்ட பிறகுதான் பயம் பிடித்தது. அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்கு ஓடினார். ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி: "எப்பம்மா குத்துச்சு?"

காரணம் உண்டு. எச்.ஐ.வி. கிருமி ரத்தத்தில் நுழைந்ததும் உடம்பு முழுக்கப் பரவிவிடுவதில்லை. சி.டி.4 எனப்படும் வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து, நிணநீர்க் கணுக்களில் நிலைகொள்ள அதற்குச் சில நாள் பிடிக்கிறது. அந்த இடைவெளிக்குள் மருந்து போனால் கிருமி பெருகாமல் தடுத்துவிடலாம். மருத்துவர்கள் இதை 'பெப்' என்கிறார்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றையும் நாள்தோறும் 28 நாள்கள் விடாமல் சாப்பிட வேண்டும். குத்திய 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் தருவதில்லை. அக்கா போனது ஐந்தாம் நாள்.

மருத்துவமனைக்குள் ஒரு நர்சுக்கு ஊசி குத்தினால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அதே ஊசி மதிலைத் தாண்டிக் குப்பைக்கு வந்து ஓர் அருந்ததியர் பெண்ணின் விரலில் குத்தினால் டி.டி. போதும் என்கிறார் மேஸ்திரி. அவரையும் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. நாம் பேசிய பதினோரு பணியாளர்களில் ஒருவர்கூட 'பெப்' என்ற சொல்லைக் கேட்டதில்லை. ஊசி குத்தாதவரும் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. மருத்துவமனைகள் மட்டுமல்ல, வேலையின்போது எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்பு அதிகமுள்ள மற்ற நிறுவனங்களும் பணியாளர்களுக்குப் பாதுகாப்புச் சாதனங்கள், அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சி, குத்துப்பட்டால் தடுப்பு மருந்து ஆகியவற்றைத் தர வேண்டும் என்கிறது அதன் 19ஆவது பிரிவு. சிரிஞ்சு கலந்த குப்பையைக் கையால் பிரிக்கும் கிடங்கு இதில் சேராது என்று நகராட்சி சொல்லுமானால், அதை எழுத்தில் சொல்லட்டும்.

பயத்தைக் கிளப்புவது நம் நோக்கமல்ல. எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்குப் போட்ட ஊசியே குத்தினாலும், 1,000 முறைக்குச் சுமார் 3 முறைதான் தொற்றுகிறது. குப்பையில் காய்ந்து கிடக்கும் ஊசியில் ஆபத்து அதைவிடக் குறைவு. உண்மையில் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் தொற்றுக்கு. தடுப்பூசி போடாதவருக்கு அது 100க்கு 30 வரைகூடத் தொற்றலாம். உடம்புக்கு வெளியே ஒரு வாரம்வரை உயிரோடிருக்கும் கிருமி அது. மூன்று தவணை ஊசியில் தடுத்துவிடலாம். மருத்துவக் கழிவைக் கையாள்வோருக்கு மருத்துவமனைகள் இதைப் போட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. நாம் பேசியவர்களில் போட்டுக்கொண்டவர் யாருமில்லை.

ஊசி குத்திவிட்டால் கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, விரலை வாயில் வைக்கக் கூடாது, சுண்ணாம்பு வேண்டாம். வேலையை அப்படியே விட்டுவிட்டு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், "குப்பையில் ஊசி குத்திவிட்டது, பெப் வேண்டும்" என்று கேட்க வேண்டும். வழி தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். இன்சுலின் போடும் வீட்டார் ஊசியை மூடி, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துத் தனியாகக் கொடுத்தால் பாதித் தொல்லை தீரும். மீதிப் பாதி, கழிவு வண்டிக்குப் பணம் கட்டாமல் இரவோடு இரவாகத் தெருத் தொட்டியில் கொட்டும் சின்னச் சின்ன கிளினிக்குகள்.

அக்காவை உடைத்துப் போட்டது விரல் காயமல்ல. விஷயம் தெரிந்த அன்றிரவே வீட்டில் அவருடைய தட்டும் டம்ளரும் தனியாகிவிட்டன. டீக்கடையில் தனி டம்ளர் வைத்ததை எதிர்த்து நின்ற தெரு அது. சேர்ந்து சாப்பிடுவதாலோ, தொடுவதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ எச்.ஐ.வி. பரவாது. நாட்டில் முதன்முதலாக இந்தக் கிருமி 1986இல் நம் சென்னையில்தான், மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில் கண்டறியப்பட்டது. அன்று மருந்தில்லை. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசம். தாம்பரம் மருத்துவமனை அதை முதலில் தொடங்கியவற்றில் ஒன்று. 2017 முதல், சி.டி.4 எண்ணிக்கை குறையும்வரை காத்திருக்காமல், தொற்று உறுதியானவுடனேயே சிகிச்சை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் மூலம் அவரிடமிருந்து துணைக்குத் தொற்றுவதில்லை. வேலை பார்க்கலாம், பிள்ளை பெறலாம்.

பரிசோதனை முடிவைக் கேட்கும் உரிமை மேஸ்திரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ கிடையாது. தொற்று இருப்பதைக் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. அதே சட்டம்தான் தடுக்கிறது.

அக்காவுக்கு முதல் சோதனையிலும் ஆறாவது வாரச் சோதனையிலும் தொற்று இல்லை என்று வந்திருக்கிறது. ஆலோசகர் வீட்டுக்காரரையும் அழைத்துப் பேசியதில் தட்டு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மூன்றாம் மாதச் சோதனை அடுத்த செவ்வாய்க்கிழமை. "லீவு போட்டா அன்னிக்குக் கூலி வராதுங்க. மத்தியானத்துக்கு மேல போனாப் பாப்பாங்களான்னு கேட்டுச் சொல்றீங்களா?" என்றார். கேட்டோம். நான்கு மணிக்குள் வரச் சொல்லியிருக்கிறார்கள்.