நீலக் குழந்தைகள் பெரியவர்களான பிறகு

என் அக்கா மகள் ஹிஞ்சவடியில் வேலை கிடைத்து, வாகட்டில் எங்கள் வீட்டோடு தங்கியிருக்கிறாள். வரன் பார்க்கத் தொடங்கியதும் அக்கா ஃபோனில் சொன்னாள்: "நெஞ்சுல இருக்கிற தழும்பைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதேடா. நாலு வயசுலயே ஆபரேஷன் பண்ணி சரியாயிடுச்சே!"

சரியாகிவிட்டதா? அதுதான் இக்கட்டுரை.

அவளுக்கு இருந்தது 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ'. பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ 1888-ல் விளக்கிய பிறவிக் கோளாறு. இதயத்தின் கீழறைகளுக்கு நடுச்சுவரில் ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் குறுக்கம். அந்த ஓட்டைக்கு மேலே நகர்ந்து நிற்கும் மகாதமனி. தடித்துப்போன வலது கீழறை. அசுத்த ரத்தமும் கலந்து உடம்புக்குப் போவதால் உதடு, நகம் நீலம் பாரிக்கும்.

சிகிச்சையில்லாமல் 40 வயதைத் தொடுபவர்கள் நூற்றுக்குச் சுமார் 3 பேர்தான். அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கில்பர்ட் (1868–1928) இதே கோளாறோடு ஏறக்குறைய அறுபது வயதுவரை வாழ்ந்தது அபூர்வம். 1944-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பிளேலாக், டாசிக், விவியன் தாமஸ் மூவரும் சேர்ந்து, நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போக மாற்றுவழி கண்டார்கள். 1954-ல் மினசோட்டாவில் லில்லிஹை, இதயத்தைத் திறந்தே கோளாறைச் சீர்செய்தார்.

சூட்சுமம் இங்கேதான். குறுகிய வழியை அகலப்படுத்தும்போது பலருக்கு நுரையீரல் வால்வு சரியாக மூடாமல் போய்விடுகிறது. போன ரத்தத்தில் ஒரு பகுதி திரும்பி வரும். இருபது முப்பது வருஷம் அந்தச் சுமையைத் தாங்கி வலது கீழறை விரியும். துடிப்பு தாளம் தப்பலாம். ஆள் பார்க்க நன்றாகத்தான் இருப்பார். எக்கோ, எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். காலத்தில் கண்டால் வால்வை மாற்றலாம்.

2013-ல் நம் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டம் 18 வயதுவரை பரிசோதிக்கிறது. அப்புறம் நாமேதான் கவனிக்க வேண்டும். பிழைப்புக்காக ஊர் மாறுகிற நம்மவர் ஃபைலோ, ஊரில் பரண்மேல் கிடக்கிறது!

இவள் கடைசியாகப் பரிசோதித்தது பதினாறு வயதில். இங்கே எக்கோ எடுத்ததில் வால்வுக் கசிவு தெரிந்தது. இப்போது தொடர் கண்காணிப்பில் இருக்கிறாள். இவளைப் போன்ற பலர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் கருத்தரிக்கும் முன்பே இதய மருத்துவரின் யோசனை அவசியம். கணவனிடம் மறைத்துவிட்டு அது எப்படி நடக்கும்?

சொல்லிவிட்டோம். வந்த வரன் விலகிப் போனது. அக்காவுக்கு என்மேல் இன்னும் கோபம். "பரவாயில்லை மாமா, பின்னாடி தெரிஞ்சிருந்தா அதைவிடக் கஷ்டம்" என்கிறாள் இவள்.

சிறுவயதில் இதய ஆபரேஷன் ஆனவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அந்தப் பழைய ஃபைலை மறக்காமல் எடுத்து வாருங்கள்.