கைப்பிடி ஒன்று, விலை ஆறு இலட்சம் டொலர்

பழைய பொருள் வியாபாரத்தில் பொருளை விட அதன் சரித்திரத்துக்கே விலை அதிகம். 2014 மே மாதம் அமெரிக்காவின் பொஸ்டன் ஏல நிறுவனமொன்று ஒரு கைப்பிடியை 6 இலட்சத்து 10 ஆயிரம் டொலருக்கு விற்றது. 1971 ஜூலையில் அப்பலோ 15 தளபதி டேவிட் ஸ்கொட் சந்திரனில் இறங்கியபோது பிடித்திருந்த கைப்பிடி அது.

துப்பாக்கிப் பிடி போன்ற இதனைச் சாய்த்தாலோ திருகினாலோ மின் சமிக்ஞை கணினிக்குச் செல்லும். கணினி சிறிய உந்துபொறிகளை இயக்கிக் கலத்தைத் திருப்பும். சந்திரனில் இறங்கிய கலங்கள் பூமிக்குத் திரும்பவில்லை. வீரர்கள் கழற்றிக்கொண்டு வந்த பாகங்களே மிஞ்சின. இதே வகைக் கைப்பிடி பயிற்சிக்கும் சோதனைக்கும் செய்யப்பட்டது. ஆனால் அவற்றுக்கு இந்த விலை இல்லை. ஆகவே தொடரிலக்கமும் வீரரின் கையொப்பக் கடிதமும் இங்கு உறுதிப் பத்திரம் போன்றவை.

ஆனால் பொருள் உண்மையானது என்பது மட்டும் போதாது. விற்பவருக்கு அது சொந்தமா என்பதும் முக்கியம். 2011 நவம்பரில் அப்பலோ 13 தளபதி ஜிம் லவல் தமது குறிப்பேட்டை 3 இலட்சத்து 88 ஆயிரம் டொலருக்கு ஏலத்தில் விற்றார். இது அரசாங்கச் சொத்தல்லவா என்று நாஸா கேட்டது. விற்பனை இடைநிறுத்தப்பட்டது. அப்பலோ 9 வீரர் ரஸ்டி ஷ்வைகார்ட்டின் கைப்பிடியும் இதே சிக்கலில் மாட்டியது. நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ள அன்றைய அதிகாரிகள் அனுமதித்தார்கள் என்பது வீரர்களின் வாதம். அவர்கள் கையில் தெளிவான பத்திரம் இருக்கவில்லை.

கடைசியில் 2012 செப்டம்பரில் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சட்டம், அக்கால வீரர்களிடமிருந்த இத்தகைய பொருட்களின் முழு உரிமையை அவர்களுக்கே வழங்கியது. சந்திரக் கற்கள் மட்டும் இதில் அடங்கா. ஸ்கொட்டின் கைப்பிடி விற்கப்பட்டது அதற்குப் பிறகுதான்.

நமது மார்க்கமும் தனக்குச் சொந்தமில்லாததை விற்பதையும், தெளிவில்லாத கொடுக்கல் வாங்கலையும் தடுக்கிறது. பழைய நாணயமோ, இரத்தினக்கல்லோ, பாவித்த வாகனமோ எதுவானாலும் வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது அசலா? யார் கைமாறி வந்தது? விற்பவருக்கு உரிமை உண்டா? மூன்றுக்கும் பதில் எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சை நம்பினால், சந்திரனுக்குப் போய் வந்தவரே சிக்கலில் மாட்டுவார்.