ஐரோப்பிய மாதிரி வாள்

ஐரோப்பிய மாதிரி வாள் என்பது பழைய ஐரோப்பிய வாள்களின் வடிவத்தைப் பின்பற்றி இன்று செய்யப்படும் வாள் ஆகும். நாடகம், திரைப்படம், காட்சிப்படுத்தல், வாட்பயிற்சி ஆகியவற்றுக்கு இது பயன்படுகிறது. குறைந்த விலையில் வாங்கும் தொடக்கநிலையினர் பெரும்பாலும் கைப்பிடியின் அழகைப் பார்த்தே தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் வாளின் தரமும் பாதுகாப்பும் அதன் அலகையும், அலகு பிடியுடன் இணைந்துள்ள விதத்தையும் பொறுத்தவை.

வரலாற்றுப் பின்னணி

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் ஐரோப்பிய வாள் அலகுகள் தென்னிந்தியாவில் பரவலாக விற்பனைக்கு வந்தன. இங்குள்ள ஆயுதக் கொல்லர்கள் அவற்றில் உள்நாட்டுக் கைப்பிடிகளைப் பொருத்தினர். இவ்வாறு உருவான வாள் 'பிரங்கி' எனப்பட்டது. ஐரோப்பியரைக் குறிக்கும் 'பரங்கி' என்ற தமிழ்ச் சொல்லும் இப்பெயரும் ஒரே மூலத்தைக் கொண்டவை. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையைச் சேர்ந்த ஆயுதங்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன.

திருச்சிராப்பள்ளிப் பகுதி ஐரோப்பியப் படைகளை நேரடியாகக் கண்டது. 1751இல் மலைக்கோட்டை நகரில் இருந்த முகமது அலியைச் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையினரும் முற்றுகையிட்டனர். திருவரங்கத் தீவில் தங்கியிருந்த பிரெஞ்சுப் படை, 1752 சூன் மாதத்தில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. துப்பாக்கியும் பீரங்கியும் முதன்மை பெற்றிருந்த அக்காலத்திலும் அதிகாரிகளும் குதிரை வீரர்களும் வாள் தாங்கினர்.

பிரங்கி வாள் ஒன்றைத் தெளிவாக உணர்த்துகிறது. அன்று வாங்கியவர்கள் அலகுக்கே விலை கொடுத்தனர். பிடியைத் தங்கள் கைக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப அமைத்துக்கொண்டனர்.

வகைகள்

அலங்கார வாள்: சுவரில் மாட்டுவதற்கானது. பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகில் செய்யப்படுகிறது. நீண்ட அலகுக்கு இவ்வெஃகு எளிதில் உடையக்கூடியது. பிடிக்குள் செல்லும் பகுதி பல வாள்களில் மெல்லிய கம்பியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். இதை வீசினால் அலகு கழன்று எதிரில் நிற்பவர்மீது பாயக்கூடும்.

மழுங்கிய பயிற்சி வாள்: வெப்பப் பதப்படுத்தப்பட்ட கார்பன் எஃகு அல்லது வில்லெஃகால் ஆனது. வளைந்தாலும் மீண்டும் நேராகும். விளிம்பு தடித்தும் முனை உருண்டும் இருக்கும்.

நெகிழி, மர வாள்: விலை குறைவு, அடிப்படை அடிவைப்பும் வீச்சும் பழக ஏற்றது. ஆனால் இதனாலும் காயம் ஏற்படும்.

தேர்ந்தெடுக்கும் முறை

அரிவாள் வாங்குவோர் பிடி ஆடுகிறதா என்று பார்ப்பது போலவே இங்கும் முதலில் பிடியை அசைத்துப் பார்க்க வேண்டும். அலகும் பிடிக்குள் செல்லும் பகுதியும் ஒரே எஃகுத் துண்டாக, பிடியின் அடிக்குமிழ் வரை செல்கின்றனவா என விற்பவரிடம் கேட்க வேண்டும். எஃகின் வகையையும் எடையையும் சொல்லாத விற்பனையாளரிடம் பயிற்சி வாள் வாங்குவது உகந்ததன்று.

ஒற்றைக் கை வாள் சுமார் 1 முதல் 1.3 கிலோ வரையும், இருகை நீள்வாள் சுமார் 1.3 முதல் 1.6 கிலோ வரையும் இருப்பது வழக்கம். இதைவிட மிகுந்த எடை வலிமையின் அடையாளம் அன்று. மணிக்கட்டைச் சோர்வடையச் செய்யும். வாளை ஒரு விரலில் தாங்கினால், சமநிலைப் புள்ளி கைக்காப்புக்கு முன்னால் சில அங்குலத்தில் அமைய வேண்டும்.

பணம் குறைவாக இருந்தால் முகக்கவசம், கையுறை, ஆசிரியர் ஆகியவற்றுக்கு முதலிடம் தருவதே முறை. சிலம்பத்திலும் கம்பு பழகிய பின்பே வாள் கைக்கு வருகிறது. விளையாட்டு வாட்போட்டியும் பாதுகாப்பான தொடக்கமாகும். அதில் சேபர் வாளின் எடை 500 கிராமுக்குக் குறைவு. சென்னையைச் சேர்ந்த பவானி தேவி இப்பிரிவிலேயே டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, ஒலிம்பிக் வாட்போட்டியில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார்.

சட்டம்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உடைய அலகு கொண்ட கூரிய ஆயுதங்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அரசு அறிவித்த பகுதிகளில் அவற்றை வைத்திருக்க உரிமம் தேவை. எனவே வாங்குவதற்கு முன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் விசாரிப்பது நல்லது. மழுங்கிய வாளாயினும் பொது இடத்தில் உறையின்றி எடுத்துச் செல்வது அச்சத்தையும் வழக்கையும் உண்டாக்கலாம்.

பராமரிப்பு

கார்பன் எஃகு வியர்வை பட்டாலே துருப்பிடிக்கும். பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லப் பூச வேண்டும். தோல் உறை ஈரத்தைத் தேக்குவதால், மழைக்காலத்தில் வாளை உறைக்கு வெளியே, குழந்தைகளுக்கு எட்டாத பூட்டிய இடத்தில் வைப்பது சிறந்தது. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் அலகில் விரிசல் உள்ளதா, பிடி தளர்ந்துள்ளதா எனச் சோதிக்க வேண்டும். விரிசல் கண்ட வாளை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.